எட்டு விநாடிக்கு மேல்

நஸ்ரின் ஸ்பேஸ் பாரைத் தட்டினாள், ஸ்பீக்கரில் ஒருத்தன் "வணக்கம், நான் பரணிதரன்" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான் படுபாவி. வணக்கத்துக்கும் நானுக்கும் பரணிதரனுக்கும் இடையில் ஒரு எறும்பு நுழைய இடமில்லை. பெயர் என்னுடையது, குரலும் என்னுடையது, முந்தாநாள் வியாழக்கிழமை இந்த வானொலி நிலையத்தின் இதே மூன்றாம் மாடியில், இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பேசியதுதான் இது. ஆனால் இந்த நாற்பத்து மூன்று வயதில் என் பெயரை என் குரல் இப்படி வழுக்கிக்கொண்டு போய்ச் சொல்லி நான் கேட்பது இதுதான் முதல் தடவை. முந்தாநாள் 'நான்' வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டன. ப எனக்கு எப்போதும் அப்படித்தான், அதுவாகப் பார்த்துத் திறந்துவிட்டால்தான் உண்டு. கழுத்து நரம்பு புடைத்தது, மேசைக்கு அடியில் வலது முழங்கால் தானாக ஆடியது, சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது விநாடி. அந்த ஒன்பதையும் நஸ்ரின் திரையில் தேடிப் பிடித்து, வெண்டைக்காய்க்குக் காம்பு அரிவது மாதிரி அரிந்து எறிந்துவிட்டாள். அது ஒன்றை மட்டும் இல்லை, எல்லாவற்றையும். பதினோரு நிமிஷத்துக்கு இழுத்த பேச்சு எட்டரை நிமிஷத்துக்கு வந்துவிட்டது. இப்போது மணி இரண்டு இருபது. நாலு மணிக்கு இது ஒலிபரப்பாகும். "முழுசாக் கேட்டுட்டு ஓகேவான்னு மட்டும் சொல்லுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். ஒரே ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியது. அதுவும் உயிரெழுத்தில் தொடங்குகிற வார்த்தை, எனக்குச் சிக்கலே இல்லாதது.

கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும். பாருங்கள், எப்படிப் போகிறான். "பதினாறு வருஷமா இந்த வானொலியில எழுத்தாளரா இருக்கேன், காலையில நீங்க கேக்கற பேச்சுல பாதி நான் எழுதினது" என்று பெருமை அடித்துக்கொள்கிறான், பதினாறிலும் ப இருக்கிறது, பேச்சிலும் பாதியிலும் ப இருக்கிறது, மூன்றையும் தாண்டுகிற வேகத்தைப் பார்த்தால் பந்தயத்துக்கே அனுப்பலாம். உண்மைதான், கோயம்புத்தூரில் காலை ஏழு மணிக்கு எந்த பேக்கரியில் நின்றாலும் என் வாக்கியம் ஒன்று காதில் விழும், வேறு யாராவது ஒருவரின் வாயிலிருந்து. எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நான் ஒன்றும் சோகக் கதை இல்லை. நல்ல வேலை, ஒண்டிப்புதூரில் காற்றோட்டமான வீடு, நான் எழுதிய நகைச்சுவைக்கு ஊரே சிரிக்கிறது, வேறென்ன வேண்டும். ஆனாலும் இந்தக் குரல் மட்டும் இருபது வயதில் எனக்கு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருபது வயதில் பீளமேட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பீளமேடு. கண்டக்டர் கையை நீட்டிக்கொண்டு நிற்பார், பின்னால் பத்துப் பேர் நெருக்குவார்கள், நான் வாயைத் திறந்து பீ என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் "சித்ரா ஒண்ணு" என்று விடுவேன். சித்ரா அதற்கும் அப்பால் இருக்கிற நிறுத்தம், ச எனக்கு சர்க்கரை. டிக்கெட்டை அங்கே எடுத்துவிட்டு இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்பது திட்டம். ஒரு மாதம் நடந்தது. பிறகு அந்தக் கண்டக்டருக்கு முகம் பழகிவிட்டது. பீளமேட்டில் நான் எழுந்தால், "தம்பி, இது பீளமேடுங்க, உங்க ஸ்டாப் இன்னும் வரலைங்க, உக்காருங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். எவ்வளவு நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரால் தினமும் சித்ரா வரை போய், அவருக்குக் கையசைத்துவிட்டு, பேருந்து கண்ணுக்கு மறையும் வரை காத்திருந்து, பீளமேட்டுக்கு நடந்து வந்தேன். ஒருநாள் அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மாமா என்றேன். இல்லாத அந்த மாமாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று மூன்று வருஷம் விசாரித்தார்.

இப்போது ஸ்பீக்கரில் சுகந்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். இந்த இடம் எனக்குப் பிடித்த இடம். காபி என்று தொடங்க வராது, டீ என்றும் வராது, ஆனால் முன்னால் ஒரு ரெண்டு போட்டுக்கொண்டால் சறுக்கிக்கொண்டு வந்துவிடும். "ரெண்டு காபி." திக்குகிறவர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு கைவசச் சரக்கு இருக்கும். ஆக, இந்த வேலையில் சேர்ந்த புதிதில் கீழே இருக்கிற பேக்கரியில் தினமும் இரண்டு காபி வாங்கி இரண்டையும் நானே குடித்துக்கொண்டிருந்தேன், இரண்டாவதை நண்பன் வரப்போவது மாதிரி ஐந்து நிமிஷம் முன்னால் வைத்துக்கொண்டு. ஒருநாள் விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் எதிரே வந்து உட்கார்ந்து, "எனக்குங்களா? தேங்க்ஸ்ங்க" என்று அந்த இரண்டாவதை எடுத்துக் குடித்துவிட்டாள். மறுநாளும் வந்தாள். தன் வருகைக்காக ஒருவன் தினமும் காபி வாங்கி ஆறவைத்துக் காத்திருக்கிறான் என்று ஒரு பெண் நம்பினால் அவள் மனசு எப்படி இளகாமல் இருக்கும். எட்டு மாதத்தில் கல்யாணம். உண்மையைச் சொன்னது கல்யாணத்துக்கு மூன்று மாதம் கழித்து. சுகந்தி தலையில் கைவைத்துக்கொண்டு, "அப்ப நான் வந்து உக்காராட்டி?" என்றாள். "ரெண்டையும் நா... நானே குடிச்சிருப்பேன்" என்றேன். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இந்த ஸ்பீக்கர்காரன் இதே கதையைச் சொல்லி முடித்துவிட்டான், எங்கேயோ எதுவோ குறைகிறது. என்ன என்று பிடிபட கொஞ்ச நேரம் ஆயிற்று. முந்தாநாள் 'காபி'யில் நான் மாட்டிக்கொண்டபோது, காபி பற்றிய கதையிலேயே காபி வராத கூத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நஸ்ரின் மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள், சிரிப்பு அடங்கியபோது காபி தானாக வெளியே வந்து விழுந்தது. அந்த இடத்தைத்தான் காணோம். இவன் காபி என்று சொல்வதில் யாருக்கு என்ன சிரிப்பு இருக்கிறது. இப்படிச் சொல்லத் தெரிந்தவன் எதற்கு இரண்டு வாங்கினான் என்றுதான் கேட்பார்கள்.

"இந்த ஜாயிண்ட்ட கவனிச்சீங்களாண்ணா?" என்று நஸ்ரின் திரையைக் காட்டினாள். "மொத்தம் நூத்திப் பன்னெண்டு வெட்டு. ஒண்ணு கூடக் காதுக்குத் தெரியாது." தெரியவில்லைதான். நேற்று சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்து வெட்டியிருக்கிறாள், உக்கடம் பேருந்தைக்கூட விட்டுவிட்டு. அவள் முகத்தில் நல்ல பிரியாணி செய்து இறக்கியவளின் சந்தோஷம் இருந்தது. நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும். அப்பாவிடம் பழகிய பழக்கம் அது. அப்பா என் வாக்கியங்களை முடித்துவைப்பார். நான் தடுமாற ஆரம்பித்த உடனே அவர் உதடும் கூடவே அசையும், அவர் நெற்றியில் வேர்க்கும், பொறுக்க மாட்டாமல் எனக்காக அவரே சொல்லிவிடுவார், பாதி நேரம் தப்பாக. எட்டு வயதில் டவுன்ஹால் பக்கம் ஒரு கடையில் என்ன வேண்டும் என்று கேட்டபோது பந்து என்று சொல்லப் போனேன். ப-வில் நின்றேன். "பேனாவா கண்ணு? பேனா குடுங்க" என்றார் அப்பா. மறுக்கலாம், ஆனால் மறுத்தால் பந்து என்று சொல்லிக் காட்ட வேண்டும், அதற்குத் தெம்பில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு தலையாட்டினேன். பிறகு எழுத்தாளனாகிவிட்டேன், அதனால் அதையும் குறை சொல்ல முடியாமல் போயிற்று. அப்பா என்மேல் உயிராக இருந்தார், அதில் எனக்குத் துளிச் சந்தேகமில்லை. ஆனால் அவர் சாகும்வரை நான் முழுதாகச் சொல்லி முடித்த ஒரு வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. இந்தப் பெண்ணும் என்மேல் பிரியமாகத்தான் வெட்டியிருக்கிறாள். பிரியம் இல்லாதவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஆனால் அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை, அலாரம் என்று ஒன்று இருக்கிறதே. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒலிபரப்பில் இருந்த ஒரு தொகுப்பாளர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் கீழே வடை சாப்பிடப் போய்விட்டார், பாட்டு முடிந்து பதினாலு நிமிஷம் ஊருக்கே ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் எஞ்சினியர் ஆரோக்கியசாமி ஒரு பெட்டியைப் பொருத்தினார். எட்டு விநாடிக்கு மேல் சத்தம் எதுவும் வராவிட்டால் அந்தப் பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டுத் தானாகவே நாதஸ்வரத்தை ஆரம்பித்துவிடும். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினோம். அடுத்த மாதமே எங்கள் பழைய அறிவிப்பாளர் ஒருவர் இறந்துபோனார், நிகழ்ச்சித் தலைவர் லோகநாதன் சார் தழுதழுத்த குரலில், "அன்னாருக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம்" என்றார், காத்தோம், எட்டாவது விநாடி முடிந்ததும் ஜில்லா முழுக்க கெட்டிமேளம் கொட்டியது. அந்த அஞ்சலி உரையையும் நான்தான் எழுதியிருந்தேன். மௌனத்துக்கு முன்னால் பெட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதிலிருந்து யாருக்கு அஞ்சலி செலுத்தினாலும் பின்னணியில் தம்புரா ஓடும். இந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியும் லோகநாதன் சாருடைய யோசனைதான், வேலையிடத்திலும் மேடையிலும் இருக்கிற மாற்றுத்திறனாளிகள் தங்கள் குரலிலேயே தங்கள் கதையைச் சொல்வது. போன வாரம் பார்வையில்லாத ஒரு வங்கி அதிகாரி, அதற்கு முந்தின வாரம் சக்கர நாற்காலியில் இருந்தபடி நாடகங்களுக்கு விளக்கு அமைக்கிற ஒரு பெண். இந்த வாரம் நான். "நேரத்தப் பத்திக் கவலைப்படாதீங்க பரணி, வேணும்னா ஒரு பாட்ட எடுத்தர்லாம். அலாரம் மட்டும் அடிக்காம பாத்துக்கங்க" என்றார். என் பெயரில் நான் சிக்கிய நேரம் ஒன்பது விநாடி. பெட்டி பொறுப்பது எட்டு. நான் பரணிதரன் என்று சொல்வதற்குள் ஊருக்கே என் கல்யாணம் நடந்து முடிந்துவிடும். அதனால் நஸ்ரின் அந்த ஒன்றை வெட்டியிருக்கிறாள். அதை வெட்டியதும் மற்றவை துருத்திக்கொண்டு தெரிந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எல்லாம் போய்விட்டன.

"எனக்குச் சின்ன வயசிலருந்து திக்குவாய்ங்க" என்று ஸ்பீக்கரில் அவன் கணீரென்று சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரம் கேட்டும் இது ஏன் உறைக்கவில்லை, பரணிதரனிலேயே மயங்கிக் கிடந்திருக்கிறேன். இவனுக்கா திக்குவாய்? இதைக் கேட்கிறவன் என்ன நினைப்பான்? குணமாகிவிட்டது போலிருக்கிறது, எந்த டாக்டர் என்று நம்பர் கேட்பான். அல்லது சும்மா அளக்கிறான் என்பான். ஒருவர் ஏற்கெனவே சொன்னார். அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகள் பட்டியல் எடுக்கிறார்கள், சான்றிதழ் இருந்தால் நல்லது என்று சொல்லி ஒரு மருத்துவ முகாமுக்கு அனுப்பினார்கள். பெயர் படிவத்தில் எழுதியிருந்ததால் டாக்டர் அதைக் கேட்கவில்லை. எந்த ஊர், என்ன வேலை, எப்போதிருந்து என்று கேட்டார். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நான் திக்கியே தீர வேண்டியிருந்தது, அன்றைக்குப் பார்த்து நாக்கு ஓட்டை வாளித் தண்ணீராக ஓடுகிறது. ஒண்டிப்புதூர், வானொலி, நாலு வயதிலிருந்து. "நல்லாத்தானே பேசறீங்க? அடுத்தவங்க வாங்க" என்றார். வெளியே வந்து ஆட்டோக்காரரிடம் பஸ் ஸ்டாண்ட் என்று சொல்ல எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. திரும்பி உள்ளே ஓடி டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து இதைக் கேளுங்கள் என்று காட்டலாமா என்றிருந்தது. சுகந்தியிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள், வைசாலி விழுந்து விழுந்து சிரித்தாள். வைசாலி என் பெண், பதின்மூன்று வயது. சுகந்தி அவளுக்குத் தாரிணி என்று வைக்க ஆசைப்பட்டாள். த எனக்கு ஆகாது. பெற்ற பெண்ணைக் கூப்பிடக் கூரை அதிர மூச்சு வாங்க வேண்டுமா என்று பயந்து, நட்சத்திரத்துக்கு வ-வில்தான் வைக்க வேண்டுமாம், ஜோசியர் சொன்னார் என்று பொய் சொன்னேன். ஜோசியரைப் போய்ப் பார்க்கவே இல்லை. அது இன்னும் சுகந்திக்குத் தெரியாது, முந்தாநாள் மைக் முன்னால் முதல் தடவையாகச் சொல்லிவிட்டேன், இன்று நாலு மணிக்குத் தெரிந்துவிடும், அதற்கான தண்டனையை வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறேன். ஆனால் அவள் தாரிணி என்ற பெயரில் நான் எப்படித் தவிக்கிறேன் என்று கேட்டால்தான் மன்னிப்பாள். இவன் தாரிணியைப் பூப்போலச் சொல்லிவிட்டுப் போகிறான். "இவ்ளோ அழகாச் சொல்றீங்கல்ல, அப்புறம் எதுக்கு மாத்துனீங்க" என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல.

வைசாலி நான் பேசும்போது காத்திருக்க மாட்டாள், அதாவது காத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ள மாட்டாள். நான் நடுவில் நின்றுவிட்டால் பின்னலைப் போட்டுக்கொண்டிருப்பாள், பையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருப்பாள், நான் முடித்ததும் பதில் சொல்வாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு அப்பா என்றால் இப்படித்தான் பேசுவார், சில அப்பாக்கள் உயரம், சில அப்பாக்கள் வழுக்கை என்பது மாதிரி. வகுப்பில் எல்லோரிடமும் இன்று நாலு மணிக்கு எங்கப்பா பேசறார் கேளுங்க என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்பாவைக் காட்டி வெட்கப்படாத பெண்ணுக்கு அப்பாவின் இடத்தில் வேறொருத்தனை அனுப்பி வைப்பதா? எட்டரை நிமிஷம் முடிந்துவிட்டது. "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். திரையில் ஒலியைக் காட்டுகிற பச்சை நிறக் கோடு தட்டையாகக் கிடந்தது. "ஓகேவாண்ணா?" என்றாள் நஸ்ரின். ஓகே என்று சொன்னால் முடிந்தது, நான் போய்ச் சாப்பிடலாம், மதியச் சாப்பாட்டில் சுகந்தி கத்தரிக்காய் வைத்திருக்கிறாள். அது சுலபம் என்பதற்காகவே எத்தனை விஷயங்களுக்கு ஓகே சொல்லியிருக்கிறேன். எனக்குச் சம்மதமா என்று யோசித்துச் சொன்னது கொஞ்சம், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு அதையே சம்மதமாக ஆக்கிக்கொண்டது நிறைய. "வேண்டாம் நஸ்ரின்" என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "ஏண்ணா, எங்க உதைக்குது? சொல்லுங்க, சரி பண்ணித் தர்றேன்." உதைக்கவே இல்லை, அதுதான் விஷயம், என்று சொல்ல நினைத்தேன். "கா... கா... காபி எடத்துல நீ சிரிச்சியே, அதக் காணோம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அது நல்லா இருந்துச்சுல்ல" என்றாள். "அத வெட்டறப்ப எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

பழைய கோப்பு அவளிடம் அப்படியே இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு வெட்டையும் ஒரே நொடியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள், பச்சைக் கோடு புஸ்ஸென்று நீண்டது. அதில் ஆரம்பத்திலேயே ஒரு நீளமான தட்டை. நான் பெயர் சொல்ல முயன்ற இடம். இருவரும் அதைப் பார்த்தோம். "அலாரம்" என்றாள். "இதுக்கு மட்டும் பின்னாடி லேசாத் தம்புரா போட்டுரட்டுமாண்ணா? சத்தம் இருந்தா பெட்டி சும்மா இருந்துக்கும்." நான் இன்னும் சாகவில்லையே என்றேன், அது எப்படியோ ஒரே மூச்சில் வந்துவிட்டது, அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு வழி இல்லை, ஆரோக்கியசாமி சாரைத்தான் கேட்க வேண்டும். நஸ்ரின் உள்தொலைபேசியை எடுத்தாள், நான் அதற்குள் எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். எனக்கு அவரிடம் பயம். ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம், அந்தப் பெட்டி அவர் கையால் பொருத்தியது, கெட்டிமேளத்துக்குப் பிறகு லோகநாதன் சார் அவரை எல்லோர் முன்னாலும் கண்டபடி பேசிவிட்டார், அதிலிருந்து பெட்டியைத் தொட யாரையும் விடுவதில்லை. அவர் முடியாது என்றால் இன்றைக்கு எனக்கு இரண்டே வழி, அந்த வழுக்கல்காரன் போவான், இல்லையென்றால் நான் போகவே மாட்டேன். வைசாலியின் வகுப்புப் பெண்கள் பாட்டுக் கேட்பார்கள். ஆரோக்கியசாமி சார் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, சொட்டச் சொட்டக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "சொல்லுங்க பரணி, என்ன விஷயம்?" நஸ்ரின் வாயைத் திறந்தாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நல்ல பெண். நானே சொன்னேன். சொல்லி முடிக்க நேரம் ஆயிற்று. என் பேச்சு, நாலு மணி, நடுவில் ஒன்பது விநாடி சத்தம் இருக்காது, அது கோளாறு இல்லை, அது நான்தான், அந்தப் பெட்டியை அந்த நேரத்துக்கு மட்டும் நிறுத்திவைக்க முடியுமா. அவர் டப்பாவை மறு கைக்கு மாற்றினார்.

"நிறுத்த முடியாதுங்க" என்றார். முடிந்தது, அந்தப் பயலையே அனுப்ப வேண்டியதுதான், சாயங்காலம் வீட்டுக்குப் போய் வைசாலியின் முகத்தைப் பார்க்க வேண்டியதுதான். "நிறுத்துனா நெசமாவே ஏதாவது புட்டுக்கிச்சுன்னா யாருக்குந் தெரியாது. ஆனா நேரத்தக் கூட்டி வெக்கலாம். எட்டுன்னு வெச்சது நான்தான, சாமியா வெச்சாரு. உங்களுக்கு எத்தன செகண்டு வேணும்?" எத்தனை வேண்டும். இதை இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டதில்லை, நேர்முகத் தேர்வுகளில் கேட்டதில்லை, பேசு பேசு என்றிருக்கிறார்கள், மெதுவாக, பதற்றப்படாமல், மூச்சை இழுத்துவிட்டு என்று எல்லாம் சொல்லியிருக்கிறார்கள், உனக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போலிருந்தது, இந்த மனிதர் முன்னால் அழுதால் அசிங்கம். கணக்குப் போட்டேன். ஒன்பது இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டால் பதினைந்து போதும். பதினைந்து. மறுபடியும் ப. நாக்கு உடனே தன் வேலையைக் காட்டியது, முப்பது என்று சொல்லிவிடு, ம வழுக்கிக்கொண்டு வரும், கூடுதலாகவே கேட்டால் யார் என்ன சொல்லப் போகிறார்கள், சித்ராவுக்கு டிக்கெட் எடுத்தவன்தானே நீ. முப்பது உதடு வரைக்கும் வந்துவிட்டது. எனக்குத் தேவை முப்பது இல்லை. எனக்குத் தேவையானதைக் கேட்கிறார், தேவையானதைத்தான் சொல்ல வேண்டும். "ப" என்றேன், பூட்டிக்கொண்டது. ஆரோக்கியசாமி சார் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. நஸ்ரின் திரையைப் பார்க்கவில்லை, கைப்பேசியைப் பார்க்கவில்லை, எனக்கு உதவுகிற முகம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை, சும்மா இருந்தாள். முழங்கால் ஆட ஆரம்பித்தது, ஆடட்டும் என்று விட்டேன். ஏசி உறுமிக்கொண்டிருந்தது, கீழே அவிநாசி சாலையில் ஒரு பேருந்து நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று, அதில் யாரோ எங்கேயோ போகிறார்கள், எனக்கு அவசரம் இல்லை, இரண்டு பேர் என் எதிரில் நிற்கிறார்கள், ஒருவரும் முடித்துவைக்கவில்லை, எனக்கு இப்போது பயமாக இல்லை, இது என்ன புதுசாக இருக்கிறது, உள்ளே ஏதோ தளர்ந்தது, "பதினஞ்சு" என்றேன்.

ஆரோக்கியசாமி சார் சுவர்க் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "இதுக்கே பன்னெண்டு ஆச்சுங்க" என்றார். "பதினஞ்சு பத்தாது. இருவதா வெச்சர்றேன்."